ஆவுடையப்பன் கடிப்பதை நிறுத்திய கதை

மருதடியூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன், செத்துப்போன பதினாறாம் நாள் விசேஷத்தன்று, பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பாம்பாகத் திரும்பி வந்தார். பீரோவுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டு, கூடத்தில் சம்மணம்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இலைகளுக்கு நடுவே ஒரு பருக்கையைக்கூடக் கலைக்காமல் நெளிந்துபோய், யாரும் உட்காராமல் விட்டுவைத்திருந்த அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறி, துணியின் பள்ளத்தில் சுருண்டுகொண்டு, தலையைத் தூக்கி, உயிரோடு இருந்த காலத்தில் பேச வாயெடுக்கும் முன்பெல்லாம் செய்வதைப்போல ஒரு தரம் தொண்டையைக் கனைத்தார். மூக்குப்பொடி நிறம். இடது கண்ணுக்குக் கீழே அதே மிளகளவு மச்சம். அவர் எப்போதும் தடவிக்கொள்ளும் நீலகிரித் தைல வாசனை கூடத்தில் பரவியது. கம்பை எடுக்க எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். அவருடைய அக்கா பேராச்சி எச்சில் கையோடு எழுந்து வந்து, "தம்பி, வந்துட்டியாப்பா" என்று கேட்டாள்.

உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்த அவர் மனைவி சண்முகவடிவுக்கு நாற்காலியில் இருப்பது என்னவென்று தெரியாது. அவள் கனைப்பை மட்டும்தான் கேட்டாள். கேட்டதும் அவளுடைய கால்கள் தாமாக எழுந்தன, கைகள் தாமாகச் செம்பை எடுத்துக் குடத்தில் மொண்டன, கல்யாணமான நாளிலிருந்து பழகிய வேகத்தில் அவள் கூடத்துக்கு வந்து நாற்காலிக்கு முன்னால் செம்பை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவர் செத்துப்போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் ஆவுடையப்பன் அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டார்.

விஷம் இல்லை. அரைவட்டமாக இரண்டு வரிசைப் பல், ஊசியால் குத்திய மாதிரி ரத்தப் புள்ளிகள், அதன்மேல் வழுவழுவென்று எச்சில். வடிவுக்கு வலியைவிட அந்த எச்சில்தான் தாங்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தில் திரும்பவும் ஊறியதுபோல இருந்தது.

"கூட்டத்துல அத்தனை பேர் இருக்கோம், பொண்டாட்டிய மட்டும் கடிக்கான் பாரு. உரிமை எங்க போகும்" என்று பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தி மறுபடி உட்கார்ந்தது. பாயசம் வந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அப்படித்தான். அன்று சாயங்காலமே பஜார்க்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வரிசையாக வந்து, நாற்காலிக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, யார் கடைக்கு யார் வந்தார்கள், யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். சோடாக்கடைக்காரர் அவருக்குப் பிடித்த பன்னீர் சோடாவைத் தட்டில் ஊற்றி வைத்தார். சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்துக்கு நேர் கீழே அவரே உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லையென்று மகன் சங்கரலிங்கம் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டான். யாரோ தகவல் சொல்லிவிட, வனத்துறை ஆள் ஒருவர் வந்தார். அவருடைய தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் முழுக்க ஆவுடையப்பன் கடையில் எடுத்தது. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அண்ணாச்சி, சொகமா இருக்கீகளா" என்று கேட்டு, பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் சட்டம், வீட்டுக்காரரை வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டம் இல்லையே என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஒரு விஷயத்தில்தான் ஊருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. வடிவு இப்போது யார் என்பது அது. தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாயிற்று. நெற்றி வெறுமையாயிற்று. ஆனால் புருஷன் கூடத்தில் இருக்கிறார். கோயில் பூசாரி யோசித்துப் பார்த்து, இருக்கிறவருக்குப் பெண்டாட்டி விதவையாக இருப்பது அவருக்குத்தான் ஆயுசுக் குறைவு என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வடிவுக்குச் சிவப்புச் சேலை கட்டி, பூ வைத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கை இல்லாததால் அவரைத் தூக்கி அவள் கழுத்தில் மாலைபோலப் போட்டார்கள். பாம்பு ஈரமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது ஈரமாக இல்லை. காய்ந்துபோய், குளிர்ந்து, உள்ளே எலும்புகள் ஒவ்வொன்றாக நகர்வது தெரியும்படி அவள் பிடரிமேல் ஊர்ந்தது. பால் கிண்ணத்தில் கிடந்து புளித்த தாலியைப் பேராச்சி எடுத்துத் தம்பி சார்பில் முடிச்சுப் போட்டாள். கெட்டுப்போன பாலின் நாற்றமும் நீலகிரித் தைலமும் சேர்ந்து வடிவின் தொண்டைக்குள் ஏறின. வந்திருந்தவர்கள் அரிசி தூவினார்கள். அவர் காது மடலைக் கடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் இல்லாத அந்தச் சில நாட்களில் வடிவு தூங்கினாள். இது அவள் யாரிடமும் சொல்லாதது. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதுகொண்டிருக்க, உள்ளறையில் சுவரில் சாய்ந்தபடி, வாய் திறந்து, குழந்தையைப்போலத் தூங்கினாள். இப்போது அந்தத் தூக்கம் போய்விட்டது. ஆவுடையப்பன் கட்டிலில் அவருடைய பக்கத்தில்தான் படுப்பார். விடிகிற நேரத்தில் சூட்டைத் தேடி அவள் வயிற்றின்மேல் ஏறிச் சுருண்டுகொள்வார். அசைந்தால் கடி. அவருக்குக் கோழிக்கடையிலிருந்து ஆண் குஞ்சுகளாக வாங்கிவர வேண்டும். கத்திக்கொண்டிருக்கிற குஞ்சு குரல் சன்னமாகிச் சன்னமாகி அவருடைய தாடைக்குள் போவதையும், கழுத்தில் ஒரு கட்டியாக இறங்குவதையும் அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நகர்ந்துபோனால் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளைக் கடிப்பார். சில நாள் செரிக்காமல் தலையணைமேல் கக்கி வைப்பார். இறகும் எலும்பும் கூழுமாக, இன்னும் கால் விரல்கள் தெரிகிற அதை அவள் வாரிக் கொட்டுவாள். சட்டை உரித்தால் உரித்ததெல்லாம் வீடு முழுக்கப் பறந்து, வெங்காயச் சருகு மாதிரி சீப்பில் ஒட்டிக்கொள்ளும், சோற்றுப் பானையில் கிடக்கும். விளக்கு மாடத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல எச்சமிட்டு வைப்பார். கோபம் வந்தால் வாலடியிலிருந்து ஒரு திரவம் பீச்சுவார். அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது, சீயக்காய்க்குப் போகாது, அவளுடைய வலது கையில் நிரந்தரமாகக் குடியிருந்தது. வடிவு இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஊருக்கு இதெல்லாம் சிரமமாகத் தெரியவில்லை. கடிக்கிறது மட்டும்தான் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்று நினைத்தார்கள். எப்போதாவது மற்றவர்களையும் பிடித்தார். ஆனால் மற்றவர்களைக் கடிக்கும் முன் உடம்பை வளைத்து, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கனைத்துவிட்டுக் கடித்தார். வடிவைக் கடிக்க எந்த முன்னறிவிப்பும் அவருக்குத் தேவைப்படவில்லை.

"நீ நேரா அவன் முன்னால போய் நிக்காத ளா" என்றாள் பேராச்சி, அவளுடைய புண்களுக்கு மஞ்சள் பத்து போட்டுக்கொண்டே. "பக்கவாட்டுல போ. பசியோட இருக்கையில பேச்சுக் குடுக்காத. சட்டுனு திரும்பாத. கடிச்சான்னா கைய உதறிராத, உதறுனா இன்னும் வெறி ஏறும். பேசாம நில்லு, அவனே விட்டுருவான்."

"மதினி, கல்யாணமான புதுசுல நீங்க இதையேதான் எனக்குச் சொன்னீக."

"ஆமா, சொன்னேன்" என்றாள் பேராச்சி. "கேட்டு நடந்த, குடும்பம் நடந்துச்சுல்ல."

நடந்தது. பாத்திரக்கடைக்காரர் வீட்டு அடுக்களையில் நசுங்காத பாத்திரம் ஒன்று கிடையாது. எது கைக்கு வருகிறதோ அது பறக்கும். பறந்து வந்த பாத்திரத்தை மறுநாள் வடிவு விளக்கிக் கவிழ்த்துவாள். பஜார் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறது. பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பாத்திரச் சத்தம் வராமல் வேறென்ன சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சங்கரலிங்கம் கைபேசியில் தேடி, பாளையங்கோட்டையிலிருந்து செல்வின் துரை என்கிற இளைஞனைக் கூட்டி வந்தான். அவன் வீட்டில் கண்ணாடிப் பெட்டிகளில் வெளிநாட்டு மலைப்பாம்புகளை வளர்க்கிறவன், கடிக்கிற பாம்பைக் கடிக்காமல் பழக்குவது எப்படி என்று படம் எடுத்துப் போடுகிறவன். அவனைப் பார்க்கப் பஜாரே கூடத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் மரியாதையான பையன். கையில் வளைந்த கம்பி ஒன்று வைத்திருந்தான்.

"கைய முதல்ல சோப்புப் போட்டுக் கழுவணும். கோழி வாசனை இருந்தா கைதான் சாப்பாடுன்னு நெனச்சுக்கும். சாப்பாடு வைக்கிறது எப்பவும் வேற எடத்துல, ஒரு அண்டாவுல வச்சுக் குடுங்க. அப்பத்தான் நாற்காலிப் பக்கம் கை வந்தா தின்ன இல்ல, தூக்கத்தான்னு புரியும். தூக்குறதுக்கு முன்னால இந்தக் கம்பியால நடு உடம்புல லேசாத் தொடணும். மேல இருந்து கை எறங்கக் கூடாது, பருந்துன்னு பயந்துரும். சட்டை உரிக்கிற சமயம் கண்ணு பால் மாதிரி மங்கும், அப்பத் தொடவே கூடாது. தெனமும் கொஞ்ச நேரம் அமைதியாக் கையில வச்சுப் பழக்கணும். அப்படியும் கடிச்சா இழுக்காதீங்க, பல்லு உடையும், தோலு கிழியும்."

அவன் சொன்னபடியே செய்து காட்டினான். கம்பியால் தொட்டான், அடியில் கை கொடுத்துத் தூக்கினான். ஆவுடையப்பன் அவன் தோள்வரை ஏறி, சட்டைப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல வாடிக்கையாளரிடம் நடந்துகொள்வதைப்போல நடந்துகொண்டார். பிறகு சங்கரலிங்கம் செய்தான். பிறகு சோடாக்கடைக்காரர் செய்தார். யாரையும் கடிக்கவில்லை. கடைசியாக வடிவு கையை இரண்டு தரம் கழுவிக்கொண்டு வந்து, கம்பியால் நடு உடம்பைத் தொட்டு, அடியில் கை கொடுத்தாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் கடி விழுந்தது.

செல்வினுக்குப் புரியவில்லை. "பாம்பு ரெண்டு காரணத்துக்குத்தான் கடிக்கும் ஆன்ட்டி. பயந்தாக் கடிக்கும், சாப்பாடுன்னு நெனச்சாக் கடிக்கும். கோவம், வஞ்சம்லாம் அதுக்குத் தெரியாது."

"எங்க வீட்டுல அவுகளப் பயமுறுத்த ஆள் இல்ல தம்பி" என்றாள் வடிவு. "சாப்பாடும் நேரத்துக்கு வைக்கேன்."

"அப்ப ஏன் கடிக்குது?"

"கடிக்குதுன்னு சொல்லாதீக தம்பி, கடிக்காருன்னு சொல்லுங்க" என்றாள் பேராச்சி.

வாசலில் செருப்பை மாட்டும்போது செல்வின் குரலைத் தாழ்த்தி வடிவிடம் சொன்னான். "நான் நெறையப் பாம்பு பாத்துட்டேன் ஆன்ட்டி. இது பாம்பு மாதிரி நடந்துக்கல. இதப் பழக்க முடியும்னு எனக்குத் தோணல. எங்கயாவது தூரத்துல விட்டுருங்க."

"யார்ட்ட சொல்லிட்டு விட?" என்று அவள் கேட்டாள். அவன் கம்பியை மட்டும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

ஊர் வேறு விதமாக முடிவு செய்தது. முறை சரியாகத்தான் இருக்கிறது, மற்ற எல்லோருக்கும் பலித்திருக்கிறது, அப்படியானால் கோளாறு வடிவின் கையில்தான். மத்தியான வேலை முடிந்ததும் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முழங்கையைத் தளர்த்து என்றாள் ஒருத்தி. மூச்சை அடக்காதே, அவருக்குத் தெரிந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. மனசுக்குள் அருவருப்பு வைத்துக்கொண்டு தொட்டால் யார்தான் கடிக்கமாட்டார்கள், பாசமாகத் தொடு என்றாள் மூன்றாவது ஒருத்தி. வடிவு பாசமாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையில் புண் ஆறுவதற்குள் அதன்மேல் புண் வந்தது. புண்ணுக்குள்ளும் அந்த நாற்றம் இருந்தது.

சங்கரலிங்கத்துக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. அவனும் அவன் மனைவி செண்பகாவும் கடை மாடியில் குடியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தபோது வடிவு கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே திடீரென்று பேச்சு நின்றுபோனது தெரிந்து வந்து பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் செண்பகா நின்றாள். அவளுடைய முன்கையில் ஆவுடையப்பன் தொங்கிக்கொண்டிருந்தார். கவ்விய வாயை விடாமல், மென்று மென்று முன்னேறிக்கொண்டிருந்தார். ரத்தமும் எச்சிலும் கலந்து அவள் வளையல்மேல் சொட்டியது. செண்பகா கையை அசைக்காமல் நீட்டியபடியே நின்றாள். அவளைச் சுற்றிலும் பேராச்சியும் சங்கரலிங்கமும் இன்னும் இரண்டு பேரும் நின்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அசையாத. அப்படித்தான். கைய உதறிராத. இப்ப விட்டுருவாக, பாரு.

அவர் விட்டார். சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். "பாத்தியாம்மா, எப்படி நின்னா பாத்தியா" என்றான் சங்கரலிங்கம், பெருமையாக. "நீ இத்தனை நாளாப் பழகியும் உனக்கு வரல."

செண்பகா கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். "நான் உதறவே இல்ல அத்த" என்றாள்.

அந்தச் சிரிப்பு வடிவுக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான வருஷம் நெற்றியில் கட்டோடு பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனபோது, விழுந்துவிட்டேன் என்று சொல்லி அவளே சிரித்த சிரிப்பு. அவள் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிட்ட இட்லி போய், காப்பி போய், மஞ்சளாகப் பித்தநீர் வந்தது. பாம்புமேல் இருந்த அருவருப்பு அதில் கொஞ்சம்தான். நாற்காலியைச் சுற்றி நின்ற அந்த மெல்லிய குரல்கள், அந்தக் குரல்களுக்குப் பழகிப்போன தன் காது, தன் கை, தன் கழுத்தில் புளித்த பால் நாறிய அந்தக் கயிறு எல்லாம் சேர்ந்து புரட்டியது.

மறுநாள் காலையில் பேராச்சி கோயிலுக்குப் போனதும், கடையிலிருந்து எப்போதோ வந்து கிடந்த மூடி போட்ட பால் கேன் ஒன்றை வடிவு கழுவி எடுத்து வந்தாள். கையைக் கழுவவில்லை. பக்கவாட்டில் போகவில்லை. செல்வினின் கம்பியால் ஆவுடையப்பனை நடுவில் தூக்கிக் கேனுக்குள் விட்டு, மூடியை அழுத்திக் கொக்கியைப் போட்டாள். பட்டப்பகலில், பஜார் வழியாக நடந்து, அணைக்கட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸில் கேன் கனைத்தது. பக்கத்தில் இருந்த வெற்றிலைக் கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள யாரு?"

"வீட்டுக்காரரு."

"எங்க கூட்டிட்டுப் போறீக?"

"விட்டுட்டு வரப் போறேன்" என்றாள் வடிவு. வெற்றிலைக்காரி தன் கூடையை நகர்த்திக் கேனை வைக்க இடம் கொடுத்தாள். கண்டக்டர் ஒரு டிக்கெட்டா இரண்டா என்று கேட்டான். போகும்போது இரண்டு, வரும்போது ஒன்று என்றாள் வடிவு.

அணைக்கு மேலே, மலையில் ஆள் புழக்கம் இல்லாத இடத்தில், ஓடைப் பாறைமேல் கேனைச் சாய்த்து மூடியைத் திறந்தாள். ஆவுடையப்பன் வெளியே வந்தார். போகவில்லை. பாறையின் பள்ளத்தில் நாற்காலியில் இருப்பதைப்போலவே சுருண்டுகொண்டு, தலையைத் தூக்கி, அவளைப் பார்த்துக் கனைத்தார். வடிவின் உடம்பு எழுந்தது. செம்பு இல்லை, குடம் இல்லை, முன்னால் ஓடுகிற தண்ணீர்தான் இருந்தது. அவள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். நீட்டிக்கொண்டே, ஐயோ என்ன செய்கிறேன் என்று நினைத்தாள். அவர் மணிக்கட்டைக் கவ்வினார்.

வழக்கம்போல அவள் அசையாமல் நின்றாள். தண்ணீர் விரல் வழியே ஒழுகித் தீர்ந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அசையாதே என்று சொல்ல மதினி இல்லை, நன்றாக நிற்கிறாய் என்று சொல்ல மகன் இல்லை. யாருக்காக நிற்கிறோம் என்று பார்த்தாள். கவ்விய வாய் அவள் நரம்பின்மேல் மென்றுகொண்டிருந்தது. குளிர்ந்த எச்சில் முழங்கைவரை வழிந்தது. வடிவு கையை உதறினாள். துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஓங்கி உதறினாள். பல் ஒடிந்து தோலுக்குள் நின்றது, தோல் கிழிந்தது, ஆவுடையப்பன் போய்ப் பாறையில் விழுந்தார். அவர் விழுந்த பிறகும் அவள் உதறிக்கொண்டே இருந்தாள், தோள் வலிக்கிற வரைக்கும். பிறகு ஓடையில் உட்கார்ந்து மணலைப் போட்டுக் கையைத் தேய்த்தாள்.

கீழே இறங்கும்போது பின்னால் கனைப்புக் கேட்டது. அவள் கால்கள் ஒரு நொடி நின்றன. நின்றுவிட்டு நடந்தன. ஓடைச் சத்தம் அதிகமான இடத்தில் அந்தச் சத்தம் காணாமல் போனது.

கேட்டவர்களிடமெல்லாம் மலையில் விட்டுவிட்டேன் என்றுதான் சொன்னாள். ஒளிக்கவில்லை. தாலியைப் புளி போட்டுக் கழுவிப் பெட்டிக்குள் வைத்தாள், ஏன் என்றால் கழுத்து அரிக்கிறது என்றாள். சங்கரலிங்கம் அவளோடு பேசவில்லை. பஜார் ஆட்கள் வேன் பிடித்துக்கொண்டு, பால் கேனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். சாயங்காலம் மேளம் மட்டும்தான் இல்லை, மற்றபடி ஊர்வலமாகத் திரும்பி வந்தார்கள். ஆவுடையப்பன் கிடைத்துவிட்டார். இனி அவர் அம்மாவிடம் வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்று சங்கரலிங்கம் சாய்வு நாற்காலியைக் கடை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். பேராச்சியும் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தம்பி பின்னாலேயே மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு வடிவுக்குத் தூக்கம் வரவில்லை. செண்பகாவின் முன்கையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாடியிலிருந்து வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. ஆவுடையப்பன் கடிக்கவில்லை. ஒருத்தரையும் கடிக்கவில்லை. மலைக்காற்று அவரை மாற்றிவிட்டது என்றார் பூசாரி. செல்வின் சொன்ன முறை இப்போதுதான் பலித்திருக்கிறது, கையாளத் தெரிந்தவர்கள் கையாண்டால் இப்படித்தான் என்றது பஜார். வெள்ளிக்கிழமை பேராச்சி வந்து வடிவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். "வந்து பாரு ளா. தங்கமா மாறிட்டான். நீ இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. வடிவு விலக்கிக்கொண்டு போய் நாற்காலியைப் பார்த்தாள். துணி மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, ஒல்லியாக, ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. வெளிறிய வயிறு. உடம்பெல்லாம் திருநீறு பூசி, தலையில் குங்குமம் வைத்திருந்தார்கள். யாரோ தொட்டதும் அது தலையை எடுத்தது. மச்சம் இல்லை. நீலகிரித் தைல வாசனை இல்லை, மண் வாசனை அடித்தது. கண் இரண்டும் பால் படிந்ததுபோல மங்கியிருந்தன.

"உன்னப் பாத்து அழுதான் பாரு" என்றாள் பேராச்சி. "கனைக்கிறதக்கூட விட்டுட்டான். அவ்வளவு அடக்கம்."

எல்லோரும் வடிவின் வாயைப் பார்த்தார்கள். இது அவர் இல்லை என்று சொன்னால் மறுபடி வேன் பிடிப்பார்கள், இந்த முறை பாறை இடுக்கெல்லாம் தேடுவார்கள், கனைப்பைக் கேட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்தான் என்று சொன்னால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். கூட்டத்துக்கு நடுவில் செண்பகா முன்கையில் துணிக்கட்டோடு நின்றாள். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாமல், உரிக்கிற தோலுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பிராணியைப் பார்க்க வடிவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாம்புமேல், இரக்கம் வந்தது. அதற்கு அந்தப் பெயரை வைப்பதுதான் அருவருப்பாக இருந்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"அவுகளேதான்" என்றாள்.

கூடமே மூச்சு விட்டது.

"ஆனா இங்கனயே இருக்கட்டும் மதினி. எனக்குத்தான் கையாளத் தெரியலைன்னு எல்லாரும் சொன்னீகள்லா. சரியாத்தான் சொல்லியிருக்கீக. என் கை பட்டா மறுபடியும் கெட்டுப்போயிருவாக."

 அது அவர்களே சொன்னது. பூசாரி யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். ஆரத்தி காட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்ட நேரத்தில் வடிவு நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலின் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வெளியே வேப்பங்கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரும்பியபோது செண்பகா கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். செண்பகா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலை மறைத்தாற்போல வந்து நின்றாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் பேராச்சி அழுதுகொண்டே வந்தாள். நாற்காலி காலி. ஓட்டை இல்லாமல் முழுசாக உரித்த சட்டை மட்டும் துணியில் கிடந்தது. ஊர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோயிலில் கண்ணாடி போட்டு மாட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தது.

வடிவு அவளை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"நல்லவனா மாறுன பொறவு போயிட்டானே வடிவு" என்றாள் பேராச்சி. "கெட்டவனா இருக்கையில நம்மகூட இருந்தான். நல்லவனானதும் போயிட்டான்."

"ஆமா மதினி" என்றாள் வடிவு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து தன் டம்ளரை எடுத்துக்கொண்டு. "போனது நல்லதுதான்."

பேராச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி வேண்டும் என்றாள்.